தமிழில் ஒரு பறவைப் பட்டியல்: இணைய நிரலாக்கம் கற்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இணைய நிரலாக்கம் கற்க வருபவர்களில் பலர் முதலில் கேட்பது, பக்கம் கட்ட உதவும் ஆயத்த நிரல் தொகுப்புகளான (ஃப்ரேம்வொர்க்) ரியாக்ட் படிக்கலாமா, ஆங்குலர் படிக்கலாமா என்பதைத்தான். அதற்கு விடை தேடும் முன், கட்டமைப்புக்கு எச்டிஎம்எல், தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், இயக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு ஒரு சிறிய பக்கத்தை முழுமையாகக் கட்டி, பிறர் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது வழக்கம். ஜெனீவாவின் சேர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய உலகின் முதல் இணையத்தளத்தின் பக்கங்களை அந்த ஆய்வகம் மீட்டு வைத்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட அப்பக்கங்கள் இன்றைய கைப்பேசி உலாவியிலும் திறக்கின்றன. 2010இல் வெளிவந்து சில ஆண்டுகள் எல்லோராலும் பேசப்பட்ட, ஆங்குலரின் முன்னோடியான ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவு 2021 முடிவோடு நின்றுபோனது. உலாவியில் அசைபடங்களைக் காட்டிய ஃபிளாஷ் 2020 டிசம்பரோடு முடிந்தது. கற்பதற்குக் கிடைக்கும் நேரம் குறைவாக இருப்பவர்கள் நீடித்து நிற்கும் அடுக்கை முதலில் கற்பதே தக்கது.

இக்கட்டுரையில் ஒரே ஒரு பக்கத்தைப் படிப்படியாகக் கட்டுவோம். உங்கள் ஊரில் காணும் இருபது முப்பது பறவைகளின் பெயர், படம், இரண்டு வரிக் குறிப்பு ஆகியவற்றைத் தமிழில் காட்டி, பெயரால் தேடவும் அகரவரிசையில் அடுக்கவும் உதவும் பக்கம் அது. பறவைகள் பிடிக்காவிட்டால் மீன்களையோ நெல் வகைகளையோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளடக்கம் தமிழில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட வேண்டாம். பயிற்சிப் பாடங்களின் ஆங்கில எடுத்துக்காட்டுகளில் ஓர் எழுத்து, ஒரு குறியெண் (எழுத்துக்குக் கணினி இடும் எண்), ஒரு பைட்டு (சேமிப்பின் சிறு அலகு) ஆகிய மூன்றும் ஒன்றாகவே தோன்றுவதால், அடியில் நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. தமிழ் உரையைக் கையாளும்போது அவை தனித்தனியே பிரிந்து நின்று, கணினி உண்மையில் எதைச் சேமிக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

முதல் படி: கருவிகள்

விஎஸ் கோடு போன்ற ஓர் இலவச எடிட்டரும், குரோம் அல்லது ஃபயர்பாக்ஸ் உலாவியும் போதும். உலாவியில் எஃப்12 விசையை அழுத்தினால் திறக்கும் டெவலப்பர் டூல்ஸ் பகுதியைத்தான் இக்கட்டுரை முழுவதும் ஆசிரியராகக் கொள்ளப்போகிறோம். எந்தத் தளத்துக்குச் சென்றாலும் அதைத் திறந்து, பக்கம் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே தொடங்குங்கள்.

இரண்டாம் படி: எச்டிஎம்எல்

பக்கத்தின் தொடக்கத்தில் மூன்று அறிவிப்புகள் கட்டாயம் இடம்பெற வேண்டும். முதலாவது, எழுத்துக் குறியேற்றம் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 என அறிவிக்கும் வரி. இது கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் வந்தாக வேண்டும் என்பது விதி. இதை விட்டுவிட்டால் உலாவி வேறொரு குறியேற்றத்தை ஊகித்துக்கொண்டு, தமிழ் எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் மேற்குறியிட்ட லத்தீன் எழுத்துகளைக் காட்டக்கூடும். இரண்டாவது, பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல் டேக்கில் சொல்லும் லாங் பண்பு. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எந்த மொழிக் குரலில் படிப்பது என்பதை இதைக் கொண்டே முடிவு செய்கிறது. மூன்றாவது, திரையின் அகலத்துக்கேற்பப் பக்கத்தை வரையச் சொல்லும் வியூபோர்ட் வரி. அது இல்லையெனில் கைப்பேசி உலாவிகள் பொதுவாக 980 பிக்சல் அகலமுள்ள திரை இருப்பதாகக் கருதிப் பக்கத்தை வரைந்து பிறகு சுருக்கிவிடும். எழுத்துகள் படிக்க இயலாத அளவுக்குச் சிறுத்துப்போகும்.

அதன்பின், ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொருளுக்கு ஏற்ற டேக்கை (பகுதியின் வகையைச் சொல்லும் எச்டிஎம்எல் குறியை) தேர்ந்தெடுங்கள். தலைப்புக்குத் தலைப்பு டேக், பட்டியலுக்குப் பட்டியல் டேக், அழுத்த வேண்டியதற்குப் பட்டன் டேக். எல்லாவற்றையும் டிவ் என்னும் ஒரே டேக்கால் எழுதிவிட்டு வண்ணம் பூசினாலும் பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் உண்மையான பட்டன் டேக்கை விசைப்பலகையின் டேப் விசையால் அடையலாம், என்டர் விசையால் இயக்கலாம், திரைவாசிப்பானும் அதைப் பட்டன் என்றே அறிவிக்கும். டிவ்வில் இவை ஒவ்வொன்றையும் நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டும். பக்கத்தைக் கட்டியதும் மவுசை ஒதுக்கி வைத்துவிட்டு, விசைப்பலகையால் மட்டும் முழுவதையும் பயன்படுத்திப் பாருங்கள்.

கைப்பேசியில் எடுத்த படம் பல மெகாபைட் அளவுக்கு இருக்கும் என்பதால், அதை 800 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிய பிறகே பக்கத்தில் சேருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அகலத்தையும் உயரத்தையும் எண்களில் கொடுத்துவிட்டால், படம் வந்து சேருவதற்கு முன்பே உலாவி அதற்கான இடத்தை ஒதுக்கிவிடும். படித்துக்கொண்டிருப்பவரின் கண்ணெதிரே வரிகள் குதித்து நகராது. படத்தைக் காண இயலாதவர்களுக்கு அதை விவரிக்கும் மாற்று உரையைத் தமிழில் எழுதுங்கள்.

மூன்றாம் படி: சிஎஸ்எஸ்

ஹோகோன் வியூம் லீ 1994இல் முன்மொழிந்து, 1996 டிசம்பரில் முதல் தரநிலையாக வெளிவந்த சிஎஸ்எஸ் இன்று மிகப் பெரிதாக வளர்ந்துவிட்டது. அதன் பண்புகள் அனைத்தையும் மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். ஒரு பெட்டிக்கு உள்ளடக்கம், உள் இடைவெளி, விளிம்புக்கோடு, வெளி இடைவெளி என்ற நான்கு பகுதிகள் உண்டு என்பதையும், ஒரே உறுப்புக்கு இரண்டு விதிகள் பொருந்தினால் எது வெல்லும் என்பதையும் முதலில் புரிந்துகொள்ளுங்கள். பறவை அட்டைகளை வரிசையாக அடுக்குவதற்கு, 2017இல் முக்கிய உலாவிகளில் அடுத்தடுத்து வந்து சேர்ந்த கிரிட் அமைப்பு ஒன்றே போதும்.

தமிழுக்கென இரண்டு விதிகள் உள்ளன. கொம்பும் சுழியுமாக மேலும் கீழும் நீளும் நம் எழுத்துகளுக்கு உலாவியின் இயல்பான வரி உயரம் நெருக்கமாக இருக்கும், அதை 1.6 அல்லது அதற்கு மேல் வைத்தால் படிக்க இதமாகும். நம் தொடர்சொற்கள் நீளமானவை என்பதால் குறுகிய திரையில் அட்டையை மீறி வெளியே நீளும். தேவையான இடத்தில் சொல்லை மடிக்க இசைவு தரும் ஓவர்ஃப்ளோ-ரேப் பண்பைச் சேருங்கள்.

நான்காம் படி: ஜாவாஸ்கிரிப்டும் பிழைச்செய்தியும்

எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். மூடாத டேக்கை உலாவி தானே மூடிவிடும், புரியாத பண்பைப் புறக்கணித்துவிட்டு மேலே செல்லும். 1995இல் பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பத்தே நாட்களில் முதல் வடிவம் தந்த ஜாவாஸ்கிரிப்ட் அப்படிப்பட்டதன்று. எழுத்துப்பிழை ஒன்று போதும், முழு நிரலும் நின்றுவிடும். கற்பவர்களில் பலர் மனம் தளர்வது இந்த இடத்தில்தான்.

தளராமல் இருப்பதற்கான வழி, பிழைச்செய்தியை முழுமையாகப் படிப்பதே. டெவலப்பர் டூல்ஸின் கன்சோல் பகுதியில் தோன்றும் சிவப்பு வரியில் பிழையின் வகை, அதற்கான காரணம், கோப்பின் பெயர், வரி எண் ஆகியவை இருக்கும். சின்டாக்ஸ்எரர் என்றால் எழுதிய விதத்திலேயே குற்றம் உண்டு. அடைப்புக்குறியையும் மேற்கோள் குறியையும் பாருங்கள். ரெஃபரன்ஸ்எரர் என்றால் அந்தப் பெயரில் எதுவும் அறிவிக்கப்படவில்லை. பெரும்பாலும் எழுத்துக்கூட்டில் பிழை இருக்கும். டைப்எரர் என்றால் நீங்கள் எதிர்பார்த்த பொருள் அந்த இடத்தில் இல்லை. புதியவர்கள் அதிகம் சந்திக்கும் டைப்எரர், நல் என்னும் வெறுமையின் பண்பைப் படிக்க இயலாது என்பதாகும். பக்கத்தின் உறுப்புகள் உருவாவதற்கு முன்பே நிரல் ஓடி, இன்னும் பிறக்காத பட்டனைத் தேடியிருக்கிறது என்பதே பல நேரங்களில் அதன் பொருள். நிரலைத் தனிக் கோப்பில் வைத்து, அதை அழைக்கும் ஸ்கிரிப்ட் டேக்கில் டிஃபர் என்ற சொல்லைச் சேர்த்தால், பக்கம் முழுவதும் படிக்கப்பட்ட பிறகே நிரல் இயங்கும்.

பறவைகளின் விவரங்களை எச்டிஎம்எல்லில் ஒவ்வொன்றாக எழுதாமல், ஒரு வரிசையில் தரவாக வைத்து, அதிலிருந்து அட்டைகளை உருவாக்கும் ஒரு ஃபங்ஷனை எழுதுங்கள். தேடும்போது வரிசையை வடிகட்டி அதே ஃபங்ஷனை மீண்டும் அழையுங்கள். தரவு மாறினால் திரை மாற வேண்டும் என்ற இந்த ஒழுங்கே ரியாக்டின் அடிப்படையும் ஆகும். இதைக் கையால் ஒருமுறை எழுதியவருக்கு, அந்த லைப்ரரி எந்தச் சுமையை எடுத்துக்கொள்கிறது என்பது பின்னாளில் எளிதில் விளங்கும்.

ஐந்தாம் படி: தமிழ் உரையைக் கணினியின் கண்ணால் பார்த்தல்

இந்தப் படியில் அவசரப்படாமல் தங்குங்கள். கன்சோலில் மயில் என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். நமக்கு அது மூன்றெழுத்துச் சொல். ஜாவாஸ்கிரிப்ட் 5 என்று விடை தரும். ம, ய, இகரக் குறி, ல, புள்ளி என, எழுத்துகளுக்கு எண் வழங்கும் தரநிலையான யூனிகோடில் அது ஐந்து குறியெண்களாகச் சேமிக்கப்படுவதே காரணம். அதே சொல் யுடிஎஃப்-8 கோப்பில் 15 பைட்டுகளைப் பிடிக்கும், ஏனெனில் யூனிகோடின் தமிழ்ப் பகுதியிலுள்ள ஒவ்வொரு குறியெண்ணுக்கும் அதில் மூன்று பைட்டுகள் தேவை. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த அம்முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரே பைட்டு போதும்.

அடுத்து, ஆங்கிலப் பாடங்களில் தவறாமல் வரும் பயிற்சியைத் தமிழில் செய்து பாருங்கள்: சொல்லைத் துண்டுகளாக்கி, தலைகீழாக்கி, மீண்டும் சேர்ப்பது. மயில் என்ற சொல்லைத் திருப்பினால், தனித்து நிற்கும் ஒரு புள்ளியில் தொடங்கி, லி, ய, ம என்று முடியும் பொருளற்ற உரு கிடைக்கும். முதல் நான்கு குறியெண்களை மட்டும் வெட்டியெடுத்தாலோ புள்ளி போய் 'மயில' என்று நிற்கும். செய்திச் சுருக்கங்களை எண்ணிக்கை வைத்து வெட்டும் தளங்களில் கடைசிச் சொல் சிதைந்து தெரிவதற்கு இதுவே காரணம். இன்டில்.செக்மென்டர் என்ற உள்ளமைந்த வசதியிடம் சொல்லைக் கொடுத்தால், அது ம, யி, ல் என்று மூன்றாகப் பிரித்துத் தரும். எழுத்தெண்ணிக்கை தேவைப்படும் இடங்களில் எல்லாம் அதையே பயன்படுத்துங்கள்.

இப்போது அகரவரிசைக்கு வருவோம். பருந்து, பனங்காடை, கவுதாரி, கழுகு ஆகிய நான்கையும் ஜாவாஸ்கிரிப்டின் இயல்பான அடுக்கும் கட்டளையிடம் கொடுத்தால், கழுகு, கவுதாரி, பனங்காடை, பருந்து என்று வரும். தமிழ் அகராதியைப் புரட்டிப் பழகியவருக்கு இது உடனே உறுத்தும்: ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்ற நம் வரிசைப்படி கவுதாரி கழுகுக்கு முன்னும், பருந்து பனங்காடைக்கு முன்னும் வர வேண்டும். யூனிகோடிலோ னகரம் நகரத்தை அடுத்தும், ழகரம் வகரத்துக்கு முன்பும் இடம்பெற்றிருக்கின்றன. இயல்பான கட்டளை அந்த எண்களை மட்டுமே ஒப்பிடுகிறது. லோகேல்கம்பேர் என்ற ஒப்பீட்டு ஃபங்ஷனுக்குத் தமிழ் மொழிக் குறியைக் கொடுத்து அடுக்கினால் நான்கும் சரியான இடத்தில் அமையும். ஒரே ஒரு வரியில் செய்யக்கூடிய இந்தத் திருத்தம் இல்லாததால் அகரவரிசை பிறழ்ந்த பட்டியல்கள் தமிழ்த் தளங்களில் இன்றும் கண்ணில் படுகின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

தேடலிலும் ஒரு நுட்பம் உண்டு. கொக்கு என்பதன் முதல் எழுத்தை யூனிகோடில் இரு வகையாகச் சேமிக்கலாம்: ககரத்துடன் ஒகரக் குறி என்ற ஒரே குறியெண்ணைச் சேர்த்தும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியெண்களைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிட்டால் சமமில்லை என்றே கணினி சொல்லும். தேடுபவர் தட்டச்சிடும் சொல்லையும், பட்டியலில் உள்ள பெயரையும் நார்மலைஸ் என்ற ஃபங்ஷனால் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிட்டால் இச்சிக்கல் எழாது.

இவற்றை ஒவ்வொன்றாகக் கன்சோலில் தட்டிப் பார்த்து முடித்தவருக்கு, குறியேற்றம் பற்றித் தனியாக ஒரு பாடம் படிக்க வேண்டிய தேவை இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆறாம் படி: சர்வரும் நெட்வொர்க்கும்

பறவைத் தரவு வளர்ந்ததும் அதை ஜேசன் என்னும் எளிய தரவு உரை வடிவில் தனிக்கோப்புக்கு மாற்றி, ஃபெட்ச் கட்டளையால் வரவழையுங்கள். பக்கத்தைக் கோப்பாக இருமுறை கிளிக் செய்து திறந்திருந்தால், பாதுகாப்புக் காரணத்தால் உலாவி இதை மறுத்துவிடும். விஎஸ் கோடில் லைவ் சர்வர் நீட்சியையோ, பைத்தான் மொழியுடன் வரும் சிறிய சர்வரையோ இயக்கி, அதன் வழியாகத் திறக்க வேண்டும்.

பிறகு நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை மீண்டும் ஏற்றி, என்னென்ன கோப்புகள் எந்த வரிசையில் வருகின்றன என்று பாருங்கள். கிடைத்தது என்றால் 200, கோப்பு இல்லை என்றால் 404, மாறவில்லை என்றால் 304, சர்வரே தடுமாறினால் 500 என்று ஒவ்வொரு விடைக்கும் ஓர் எண் இருக்கும். நிரலை மாற்றியும் திரையில் எதுவும் மாறவில்லை என்றால், உலாவி பழைய நகலைக் காட்டிக்கொண்டிருக்கக்கூடும். அதே பகுதியில் கேஷை முடக்கும் பெட்டியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இணைப்பின் வேகத்தைச் செயற்கையாகக் குறைக்கும் வசதியும் அங்கேயே உண்டு. பேருந்தில் செல்பவரின் கைப்பேசியில் உங்கள் பக்கம் எப்படித் திறக்கும் என்பதை அதில் ஓரளவு உணரலாம்.

ஏழாம் படி: கிட்

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் கெர்னல் பணிக்காக எழுதிய, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவியான கிட்டில், தொடக்கத்தில் நான்கைந்து கட்டளைகள் மட்டும் தெரிந்தால் போதும். சிறு மாற்றம் ஒன்று சரியாக இயங்கியவுடன் அதைப் பதிவு செய்யுங்கள். ஏன் மாற்றினீர்கள் என்பதைப் பதிவுச் செய்தியில் தமிழிலேயே எழுதலாம். கோப்புகளின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்துகளில் வையுங்கள், ஏனெனில் தமிழ்ப் பெயர்களைக் கிட் தன் இயல்பான அமைப்பில் எண்கோவையாக மாற்றிக் காட்டும்.

எட்டாம் படி: எங்கே கேட்பது

ஐயம் எழும்போது முதலில் செல்ல வேண்டிய இடம், இணைய நிரலாக்கத்துக்கான விளக்கத் தளமான எம்டிஎன்னின் ஆவணங்கள். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் எந்த உலாவி எந்தப் பதிப்பிலிருந்து அந்த வசதியை ஏற்கிறது என்ற அட்டவணை இருக்கும். அதைப் பார்க்காமல் எதையும் பயன்படுத்த வேண்டாம்.

சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஒதுக்கச் சொல்லமாட்டேன். ஆயினும் கற்கும் பருவத்தில் அவற்றைப் பயன்படுத்த ஓர் ஒழுங்கு தேவை. முதலில் நீங்களே முயலுங்கள். எங்கே நின்றுபோனது என்பதை இரண்டு வாக்கியங்களில் எழுதுங்கள். அதன் பிறகு, நிரலைத் தரச் சொல்லாமல் காரணத்தை விளக்கச் சொல்லுங்கள். நிரல் கிடைத்துவிட்டால் அதை ஒட்டாமல் கையால் தட்டச்சிட்டு, ஒவ்வொரு வரியும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நீக்கிப் பாருங்கள். ஐந்தாம் படியில் பார்த்த சோதனைகளை அந்த நிரலின் மீதும் நடத்துங்கள்: ஆங்கில உரையை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட நிரல் மயிலின் புள்ளியை வெட்டிவிடவும், பனங்காடையை முன்னே வைக்கவும் தயங்காது. விளைவு சரியா என்று தீர்மானிக்கும் அறிவு உங்களிடம் இருக்கும்போதுதான் அக்கருவி பயன் தரும்.

ஒன்பதாம் படி: வெளியிடுதலும் அதற்கு அடுத்தவையும்

கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச வசதியில் பக்கத்தை ஏற்றிவிட்டு, அதன் முகவரியைக் கணினித் துறையில் இல்லாத இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள். முடிந்தால் ஒருவராவது பழைய கைப்பேசி வைத்திருப்பவராக இருக்கட்டும். அருகில் அமர்ந்து, எந்த விளக்கமும் சொல்லாமல், ஒரு பறவையைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறார், எதை அழுத்தி ஏமாறுகிறார், தேடல் பெட்டியில் எப்படித் தட்டச்சிடுகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கவுதாரியைக் கௌதாரி என்று எழுதுபவருக்கும், மைனாவை நாகணவாய் என்று அழைப்பவருக்கும் உங்கள் தேடல் வெறுமையைக் காட்டும். எனவே ஒவ்வொரு பறவைக்கும் மாற்றுப் பெயர்களின் வரிசை ஒன்றைத் தரவில் சேர்க்க வேண்டியிருக்கும். எந்தப் பாடத்திட்டமும் முன்கூட்டியே சொல்லித்தர முடியாத இத்தகைய தேவைகளே நிரலாளரை உருவாக்குகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

ஃப்ரேம்வொர்க்கைத் தொடுவதற்கான வேளையையும் இந்தப் பக்கமே சொல்லும். பிடித்த பறவைகளைக் குறித்து வைத்தல், ஊர் வாரியாகப் பிரித்தல், பார்த்த நாளைப் பதிதல் என்று வசதிகள் கூடக் கூட, ஒரு மாற்றம் திரையின் நான்கு இடங்களில் எதிரொலிக்க வேண்டியிருக்கும். அவற்றைக் கையால் ஒத்திசைப்பது கடினமாகிவிட்டது என்று உணரும்போது ரியாக்டையோ வ்யூவையோ எடுத்து, இதே பறவைப் பட்டியலை அதில் மீண்டும் கட்டுங்கள். பலருடைய பதிவுகளை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும் என்ற தேவை வந்தால், சர்வர் நிரலையும் டேட்டாபேஸையும் கற்கத் தொடங்கலாம். மைஎஸ்கியூஎல் என்னும் டேட்டாபேஸைப் பயன்படுத்துவதாக இருந்தால், அட்டவணையை உருவாக்கும் முன்பே அதன் குறியேற்றம் யுடிஎஃப்8எம்பி4 என்று அமைந்திருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பழைய யுடிஎஃப்8 அமைப்பு மூன்று பைட்டுகள் வரை மட்டுமே ஏற்பதால், தமிழ் அதில் அடங்கிவிடும், ஆனால் குறிப்பின் இடையே யாராவது ஓர் எமோஜியை இட்டால் அந்தப் பதிவு பிழையாகும்.